சங்கல்பத்தின் கடைசிச் சொல்



கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டியதும் குருக்கள் முதலில் என்ன கேட்பார்? "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்பார். நாம் சொல்வோம். பிறகு அவர் கையில் பூவை எடுத்துக்கொண்டு மடமடவென்று சமஸ்கிருதத்தில் ஒரு பத்தி சொல்வார். நடுவில் ஒரு தடவை நம்ம பேர் காதில் விழும். அதோடு நம் கவனம் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் சாமியைப் பார்த்து, நமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு நிற்போம்.

அந்த மடமட பத்திக்குப் பேர் சங்கல்பம். இந்த மாதம் உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான். நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலட்சியம் இருக்கிறது. டிகிரி முடிக்கணும், நல்ல வேலை எடுக்கணும், அப்பாவின் கடனை அடைக்கணும், சொந்தமாகக் கடை வைக்கணும். அதை எப்படிப் படிப்படியாகத் திட்டம் போட்டு அடைவது என்று சொல்லிக்கொடுக்கப் புத்தகங்களும் பயிற்சிப் பட்டறைகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு அர்ச்சனையின் தொடக்கத்திலும், நம்ம சமயம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

சங்கல்பத்தில் என்ன இருக்கிறது?

முதலில் காலம். எந்த வருடம், உத்தராயணமா தட்சிணாயனமா, எந்த ருது, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்லப்படும். அதோடு இடமும் சொல்லப்படும். அடுத்து ஆள்: கோத்திரம், நட்சத்திரம், பெயர். அடுத்து நோக்கம்: இன்ன இன்ன பலன் கிடைப்பதற்காக. அதைத்தான் 'சித்த்யர்த்தம்' என்று சொல்கிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரே ஒரு வினைச்சொல் வரும். 'கரிஷ்யே.' அதற்கு 'செய்யப் போகிறேன்' என்று பொருள்.

இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பலனை நோக்கமாகத்தான் சொல்கிறோம். ஆனால் வாக்குக் கொடுப்பது செயலுக்கு மட்டும்தான். 'பலன் எனக்குக் கிடைக்கும்' என்று சங்கல்பம் முடிவதில்லை. 'இந்தப் பலனுக்காக, இந்த நாளில், இந்த இடத்தில், நான் இந்தக் காரியத்தைச் செய்யப் போகிறேன்' என்றுதான் முடிகிறது. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அர்ஜுனனுக்குச் சொன்னதும் இதே விஷயம்தானே! செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று. கீதையில் தத்துவமாக இருப்பது, அர்ச்சனையில் ஒரே சொல்லில் நடைமுறையாக இருக்கிறது.

இப்போது நம்ம வேண்டுதலையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பால்குடத்துக்கு ஒரு பட்டியல்

எங்கள் ஹாஸ்டலில் எனக்கு ஒரு வருடம் ஜூனியராக ஒரு தம்பி இருக்கிறான். அவனும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான். அப்பா கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் லோரி ஓட்டுகிறார். அம்மா ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறார். தம்பிக்கு ஒரு அறவாரியம் மாதம் 500 வெள்ளி உதவித்தொகை கொடுக்கிறது. ஒரே நிபந்தனை, நான்காவது செமஸ்டர் முடிவில் சிஜிபிஏ 3.00 இருக்கணும். இல்லையென்றால் பணம் நின்றுவிடும். மூன்றாவது செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வந்தபோது அவன் நின்ற இடம் 2.87.

ரிசல்ட் வந்த அன்று இரவு என் அறைக்கு வந்தான். முகம் வாடிப் போயிருந்தது. "அண்ணே, வேண்டிக்கிட்டேன். 3.00 வந்துருச்சுன்னா அடுத்த தைப்பூசத்துக்கு பத்துமலையில பால்குடம் எடுக்கிறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"நல்லது தம்பி. பால்குடத்துக்கு என்னென்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

உடனே ஆரம்பித்துவிட்டான். தைப்பூசத்திலிருந்து பின்னோக்கி 48 நாளை எண்ணி விரதம் தொடங்கணும். மாலை போடணும். சைவம், தரையில் படுக்கை. குடமும் மஞ்சள் துணியும் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வாங்கி வைக்கணும். சீட்டு எடுக்கணும். பால் யாரிடம் வாங்குவது, எத்தனை மணிக்கு சுங்கை பத்துவில் குளிப்பது, யார் காடியில் போவது, எங்கே நிறுத்துவது, பாட்டியை யார் பார்த்துக்கொள்வது, 272 படி ஏறும்போது யார் முன்னால், யார் பின்னால். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். அவன் மூன்று வருடமாகப் பால்குடம் எடுப்பவன். ஒரு விஷயமும் விடுபடவில்லை.

"சரி. 3.00 வாங்குறதுக்கு என்னென்ன செய்யணும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "படிக்கணும்ணே" என்றான்.

சிரித்துவிட்டோம், இரண்டு பேருமே. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் நிலைமை இதுதான். நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்கு அவ்வளவு அழகாகத் திட்டம் போடத் தெரிகிறது. அந்த நேர்த்திக்கடன் எதற்காகவோ, அந்தக் காரியத்துக்கு மட்டும் ஒரே வார்த்தை: படிக்கணும், உழைக்கணும், முயற்சி பண்ணணும். நமக்குத் திட்டம் போடும் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தைப்பூசத்துக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்திலும் அந்தத் திறமை இருக்கிறது. முடிவு நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதை எங்கள் புரோஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் ஒரு முறையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். அதை நம்ம பாட்டிமார்கள் காலண்டரில் பூச நட்சத்திரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணிச் செய்கிறார்கள்.

பூசலார் மனதில் கட்டிய கோயில்

சிலர் கேட்கலாம், இவ்வளவு கணக்குப் போட்டால் அப்புறம் பக்தி எங்கே, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவதுதானே சரணாகதி என்று. அவர்களுக்குப் பூசலார் நாயனாரை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர். சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதனால் மனதிலேயே கோயில் கட்டினார். அதே சமயத்தில் பல்லவ மன்னன் காஞ்சியில் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். முதல் நாள் இரவு இறைவன் அவன் கனவில் வந்து, நாளைக்குப் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மன்னன் திருநின்றவூருக்கு ஓடிவந்து பார்த்தால், அங்கே கோயிலே இல்லை. பூசலார் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கதையைச் சமய வகுப்பில் கேட்டிருப்போம். மனம் சுத்தமாக இருந்தால் போதும் என்ற கருத்துக்காகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் பெரிய புராணத்தில் சேக்கிழார் பெருமான் அந்த மனக்கோயில் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்வதைப் பாருங்கள். பூசலார் கண்ணை மூடியதும் கோயில் முழுசாக வந்து நிற்கவில்லை. முதலில் மனதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் சேர்த்தார். தேவையான சாமான்களைத் தேடினார். தச்சர்களை வரவழைத்தார். ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்துத் தொடங்கினார். இரவும் தூங்காமல் வேலையைத் தொடர்ந்தார். அடித்தளத்திலிருந்து வரிசையாக மேலே கொண்டுபோய்ச் சிகரம் வைத்தார். சுதை வேலை செய்தார். கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் வெட்டினார். கடைசியாகத்தான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

மனதில் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு? ஒரே நிமிடத்தில் கட்டி முடித்திருக்கலாமே! ஆனால் அவர் ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. அந்த ஒழுங்கே அவருடைய பூஜையாக இருந்தது. இறைவன் வந்து எழுந்தருளிய கோயில் அடித்தளம் முதல் குளம் வரை திட்டமிட்ட கோயில். திட்டம் போடுவது நம்பிக்கைக் குறைவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கணும். நமக்குப் பிரியமானவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவார்கள் என்று யோசிக்காமல் இருப்போமா? அக்கறை இருக்கும் இடத்தில் விவரம் தானாக வரும்.

ஆசையை எண்ணாக மாற்றுவது

தம்பி கதைக்கு வருவோம். அன்று இரவே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். முதல் வேலையாக '3.00 வாங்கணும்' என்ற ஆசையை ஒரு கணக்காக மாற்றினோம்.

மூன்று செமஸ்டரில் அவன் முடித்தது 51 கிரெடிட். 51 ஐ 2.87 ஆல் பெருக்கினால் 146.37 புள்ளி. நான்காவது செமஸ்டரில் 17 கிரெடிட். மொத்தம் 68. அதற்கு 3.00 வேண்டும் என்றால் 204 புள்ளி தேவை. கையில் இருப்பதைக் கழித்தால் 57.63. அதை 17 ஆல் வகுத்தால் 3.39. ஆக, இந்தச் செமஸ்டரில் அவன் எடுக்க வேண்டிய ஜிபிஏ 3.39.

அடுத்த படி, அந்த 57.63 எங்கிருந்து வரும்? ஆறு பாடம். லேப் 2 கிரெடிட், மற்ற ஐந்தும் தலா 3 கிரெடிட். லேப் அவனுக்குக் கைவந்த கலை, அதில் ஏ என்று வைத்தோம்: 8 புள்ளி. புரோகிராமிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டிலும் ஏ மைனஸ்: 22.02. தெர்மோடைனமிக்ஸ், ப்ளூயிட் மெக்கானிக்ஸ் இரண்டிலும் பி பிளஸ்: 19.98. அவன் பயப்படும் கணிதத்தில் பி: 9. கூட்டினால் 59.00.

அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு ஏ போதுமாண்ணே?" என்றான். அதுவரைக்கும் அவன் மனதில் ஆறு பாடத்திலும் ஏ எடுத்தால்தான் தப்பிக்க முடியும் என்ற பயம் இருந்திருக்கிறது. பயம் எப்போதும் கணக்கைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். எழுதிப் பார்த்தால் அதன் உண்மையான அளவு தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தோம். தேவை 57.63, திட்டம் 59.00. நடுவில் 1.37 மிச்சம். ஏதாவது ஒரு 3 கிரெடிட் பாடம் ஒரு படி இறங்கினால் ஏறக்குறைய 1 புள்ளி போகும். அதைத் தாங்க இந்த மிச்சம் போதும். பாலம் கட்டுகிறவர்கள் வரப்போகும் பாரத்துக்குச் சரியாகக் கட்டமாட்டார்கள், அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படிதான் கட்டுவார்கள். திட்டத்திலும் அப்படி ஒரு இடைவெளி இருக்கணும்.

மூன்றாவது படி, நேரம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல் என்று கணக்கு. வகுப்பு, டுட்டோரியல், அசைன்மென்ட், சொந்தமாகப் படிப்பது எல்லாம் சேர்த்து. 17 கிரெடிட்டுக்கு 680 மணி நேரம். செமஸ்டர் 14 வாரம். வகுத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம் வருகிறது. ஒரு வாரத்தில் மொத்தம் 168 மணி. நாளுக்கு 8 மணி தூக்கம் 56. சனி ஞாயிறு சாப்பாட்டுக் கடையில் அவன் பார்க்கும் பகுதி நேர வேலை 12. படிப்பு 49. இதெல்லாம் போக 51 மணி நேரம் மிச்சம் இருந்தது. சாப்பிட, குளிக்க, துணி துவைக்க, கோயிலுக்குப் போக, பந்து விளையாட. "எனக்கு நேரமே இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் ஆச்சரியம்.

14 வாரம் என்றால் 98 நாள். ஒரு மண்டலம் 48 நாள். அப்படியானால் ஒரு செமஸ்டர் என்பது இரண்டு மண்டலமும் இரண்டு நாளும்! இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மாறியது. 14 வாரம் என்று சொன்னால் அது லெக்சரரின் கணக்கு. இரண்டு மண்டலம் என்று சொன்னால் அது அவனுக்குப் பழக்கமான கணக்கு. ஒரு மண்டலம் விரதம் இருக்கத் தெரிந்தவன் அவன். முதல் மண்டலம் பாடத்தைப் புரிந்துகொள்ள. இரண்டாவது மண்டலம் பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்க. மிச்சம் இரண்டு நாள் ஓய்வுக்கு.

கடைசியாக 'கரிஷ்யே' பட்டியல். இதில் ஒரே ஒரு விதி வைத்தோம். நம் கையில் இல்லாத எதையும் எழுதக்கூடாது. '3.39 எடுப்பேன்' என்பது அதில் வராது, அது நோக்கம். 'நன்றாகப் படிப்பேன்' என்பதும் வராது, அதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. அவன் எழுதியது இப்படி: செவ்வாயும் வியாழனும் இரவு 8.30 முதல் 10.30 வரை நூலகத்தின் இரண்டாம் மாடியில் கணித டுட்டோரியல் செய்யப் போகிறேன். ஒவ்வொரு வகுப்பு முடிந்த அன்றே 20 நிமிடம் குறிப்பைத் திரும்பப் பார்க்கப் போகிறேன். புரியாத கேள்விகளை எடுத்துக்கொண்டு வெள்ளி மாலை 3 மணிக்கு லெக்சரரைப் பார்க்கப் போகிறேன். கடைசி நான்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமுடியாது என்று முதலாளியிடம் முதல் வாரமே சொல்லப் போகிறேன். காலம், இடம், ஆள், செயல். சங்கல்பத்தின் எல்லா உறுப்பும் அதில் இருந்தது.

வழியில் மூன்று பேர்

திட்டம் போட்ட அன்று எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். மூன்றாவது வாரம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இதற்குச் சுந்தர காண்டத்தில் ஆஞ்சநேயரைப் பார்க்கணும்.

கடலைத் தாண்டும்போது அவருக்கு மூன்று தடை வந்தது. மூன்றையும் அவர் ஒரே மாதிரி சமாளிக்கவில்லை. முதலில் மைநாக மலை. அது எதிரி இல்லை. களைத்திருப்பாய், உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுப் போ என்று அன்போடு எழுந்து நின்றது. ஆஞ்சநேயர் அதைத் திட்டவில்லை, அதில் உட்காரவும் இல்லை. கையால் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நண்பன் பிறந்தநாள், ஊர்த் திருவிழா, ஏன், நம் இளைஞர் இயக்கத்து நிகழ்ச்சிகூடச் சில வாரம் மைநாகமாக இருக்கும். முகத்தைக் காட்டிவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடணும்.

இரண்டாவது சுரசை. தேவர்கள் சோதிக்க அனுப்பியவள். என் வாய்க்குள் நுழையாமல் போக முடியாது என்றாள். அவளோடு சண்டை போடக் கூடாது, ஒதுக்கிவிட்டும் போக முடியாது. ஆஞ்சநேயர் சட்டென்று உருவத்தைச் சின்னதாக்கி வாய்க்குள் போய் வெளியே வந்து, அவள் சொன்னதையும் காப்பாற்றினார், தன் வேலையையும் காப்பாற்றினார். வீட்டுப் பொறுப்பும் பகுதி நேர வேலையும் சுரசை. தம்பிக்கு அந்த 12 மணி நேரச் சம்பளம் வேண்டும், தங்கச்சிக்குப் பள்ளிச் செலவு இருக்கிறது. அதைத் தடை என்று வெறுக்க முடியாது. கொஞ்சம் சுருக்கி, அதன் வழியாகப் புகுந்து வெளியே வரணும்.

மூன்றாவது சிம்ஹிகை. கடலில் இருந்துகொண்டு நிழலைப் பிடித்து இழுத்தவள். மேலே பறப்பவருக்கு யார் இழுக்கிறார்கள் என்றே முதலில் தெரியவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. நம்ம கைப்பேசி அப்படித்தான். ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று எடுத்தால் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். இவளோடு மரியாதைப் பேச்சே கிடையாது. ஆஞ்சநேயர் அவளைக் கொன்றுவிட்டுத்தான் போனார். தம்பி நூலகத்துக்குப் போகும்போது கைப்பேசியை என் அறையில் வைத்துவிட்டுப் போவான்.

எந்தத் தடை எந்த வகை என்று முன்கூட்டியே பிரித்து எழுதி வைப்பதும் திட்டத்தில் ஒரு படிதான். பிரிக்காவிட்டால் அம்மாவிடம் கோபப்படுவோம், கைப்பேசியிடம் அன்பாக இருப்போம்.

தேடாத இடம் எது?

ஏழாவது வாரம் ப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சை. 30க்கு 11. தம்பி அன்று சாப்பிடவில்லை. "விட்டுடலாம்ணே, நமக்கு இது வராது" என்றான்.

ஆஞ்சநேயருக்கும் இந்த நிலைமை வந்தது. இலங்கைக்குள் போய் இராவணன் அரண்மனை முழுக்கத் தேடினார். சீதாப்பிராட்டி இல்லை. சோர்ந்துபோனார். வெறுங்கையோடு திரும்புவதைவிட உயிரை விடலாம் என்ற அளவுக்கு அவர் மனம் போனதாக வால்மீகி சொல்கிறார். அவ்வளவு பெரிய பலசாலிக்கே! பிறகு என்ன செய்தார்? இலட்சியத்தை மாற்றவில்லை. இதுவரை எங்கெல்லாம் தேடினோம், இன்னும் தேடாத இடம் எது என்று யோசித்தார். அசோகவனம் கண்ணில் பட்டது. அங்கேதான் தாயார் இருந்தார்.

அந்தப் பரீட்சைத் தாளை வைத்துக்கொண்டு நாங்களும் அதையே செய்தோம். போன மதிப்பெண் 19. அது எந்த எந்த இடத்தில் போனது என்று குறித்தோம். 13 மதிப்பெண் ஒரே அத்தியாயத்தில் போயிருந்தது. மற்ற அத்தியாயமெல்லாம் ஓரளவுக்கு நன்றாகவே செய்திருந்தான். 'நமக்கு ப்ளூயிட் வராது' என்பது உண்மை இல்லை. அந்த ஒரு அத்தியாயம்தான் அவன் நுழையாத அசோகவனம். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் லெக்சரரிடம் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

அதனால்தான் சொல்கிறேன், எந்தத் திட்டத்துக்கும் நடுவில் ஒரு நாள் குறித்து வைக்கணும். முதல் மண்டலம் முடியும் நாள் நல்ல நாள். அன்று நம்மை நாமே திட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே கேள்விதான் கேட்கணும், தேடாத இடம் எது?

பலன்

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸில் நினைத்த ஏ மைனஸ் வரவில்லை, பி பிளஸ்தான் வந்தது. 1.02 புள்ளி போச்சு. மற்ற ஐந்தும் எழுதியபடியே இருந்தன, ப்ளூயிட் உட்பட. 59.00 இல் 1.02 போக 57.98. தேவையானது 57.63. நடுவில் வைத்த அந்தச் சின்ன இடைவெளி அவனைக் காப்பாற்றியது. சிஜிபிஏ 3.01. உதவித்தொகை தொடர்கிறது.

ரிசல்ட் பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் திறக்கும்வரை நாங்கள் காத்திருந்தபோது அவன் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். "வரலைன்னாலும் பரவாயில்லண்ணே. இந்தத் தடவை முருகன்கிட்ட நான் சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன்" என்றான். 2.87 வந்த அன்று வாடியிருந்த அதே முகம்தான். பலன் தெரிவதற்கு முன்னாலேயே அதில் ஒரு அமைதி இருந்தது. கீதை சொல்லும் பற்றில்லாத செயலை எனக்கு அதைவிட நன்றாக எந்த உரையும் விளக்கியதில்லை.

திட்டம் போட்டு நடந்தும் பலன் வராமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லணும். எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்காத இடங்கள் வாழ்க்கையில் உண்டு. அப்போது என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்ற பட்டியல் நம் கையில் இருக்கும். அடுத்த சங்கல்பத்தை அங்கிருந்து தொடங்கலாம். 'படிக்கணும்' என்று மட்டும் சொல்லித் தோற்றவனிடம் எந்தப் பட்டியலும் இருக்காது, சாமி மேலேயோ தன் மேலேயோ வருத்தம் மட்டும்தான் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் இல்லாத தம்பி தங்கைகளுக்கும் இதே வழிதான். லைசென்ஸ் எடுக்க, மெஷின் வாங்க, சின்னதாக ஒரு கடை போட 2,400 வெள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மண்டலம் 96 நாள். நாளுக்கு 25 வெள்ளி. 25 முடியாது, 12.50 தான் முடியும் என்றால் நான்கு மண்டலம். இப்போது அது கனவாக இல்லை, முடியும் நாள் குறிக்கப்பட்ட ஒரு விரதமாக இருக்கிறது.

இன்றைக்கு இரவு விளக்கு ஏற்றிக் கும்பிட்ட பிறகு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அடுத்த வரியில் நோக்கம். அதன் கீழே முடிவு நாள், அங்கிருந்து பின்னோக்கி மண்டலங்கள். அதன் கீழே இந்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூன்றே மூன்று வரி. ஒவ்வொரு வரியும் 'செய்யப் போகிறேன்' என்று முடியட்டும். தாளைப் பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள். காலையில் கும்பிடும்போது அது உங்கள் கண்ணில் படும்.

தம்பி இந்த வருடம் பால்குடத்துக்கு மாலை போடப் போகிறான். 48 நாளை எண்ணி நாள் குறித்தாகிவிட்டது. ஐந்தாவது செமஸ்டருக்கான தாளும் எழுதி வைத்துவிட்டான். இரண்டும் ஒரே படத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன.

எல்லாருக்கும் முருகப்பெருமான் துணையிருப்பாராக.